மன்னாரில் இருக்கும் ஒரே வாக்கு

நான் இதுவரை பல தேர்தல்களில் வாக்களித்திருக்கிறேன். நான் வாக்களித்தவர்கள் அத்தனை பேரும் தோற்றிருக்கிறார்கள். இதைச் சாபம் என்று நான் நினைத்ததில்லை. ஒருவகைத் திறமை என்றே எண்ணி வந்திருக்கிறேன். எங்கள் தெருவில் எந்த வேட்பாளரின் ஒலிபெருக்கி என் மதியத் தூக்கத்தைக் குறைவாகக் கெடுக்கிறதோ அவருக்குப் போடுவது என் கொள்கை. "மைக் செட்டுக்கே வழியில்லாதவன் எப்படி ஜெயிப்பான்?" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்குள் தூங்கிவிடுவேன்.

இப்படிப்பட்ட என்னை, ஒரு நாட்டுக்கு யார் ஜனாதிபதி ஆகவேண்டும் என்ற வழக்கில் மத்தியஸ்தராக நியமித்த குடும்பம் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. அவர்கள் நல்லவர்கள். அவசரப்பட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் போனது வேறு காரியமாக. ஹாலே என்ற ஊரில் ஒரு பழைய அறநிலையத்தின் காப்பகம் இருக்கிறது. தரங்கம்பாடிக்கு வந்த பாதிரிமார் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதியனுப்பிய கடிதங்களும் தமிழ்ச் சுவடிகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. பதிப்பாளர் நண்பர் ஒருவருக்காகச் சில பக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்துகளுக்கு முன்னால் உட்கார்ந்து நான் புரிந்துகொண்டது ஒன்றே. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அறிவுரை கப்பலேறிப் போகும். அது போய்ச்சேர மாதக்கணக்காகும். அதற்குள் அங்கே இருந்தவர்கள் தங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்து முடித்து, "தங்கள் அறிவுரைக்கு நன்றி" என்கிற தோரணையில் பதில் எழுதியிருப்பார்கள். இது பழங்கதை என்று நினைத்துக்கொண்டு காப்பகத்தை விட்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஒரு வாரம் பீலெஃபெல்டில் அன்ரன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. அன்ரன் மன்னார்க்காரர். எண்பதுகளின் கடைசியில் படகேறி வந்து, திருச்சியில் ஒரு வருடம் என் விடுதி அறையில் இருந்தவர். என் சோப்பை அவரும் அவருடைய எண்ணெயை நானும் பயன்படுத்திய காலத்தில் உண்டான உறவு. பிறகு அவர் ஜெர்மனிக்கு அகதியாகப் போனார். இப்போது ஒரு மரச்சாமான் கிடங்கில் பளுதூக்கி வண்டி ஓட்டுகிறார்.

ரயில் வந்தபோது ஓர் அறிவிப்பு. பெட்டிகள் இன்று தலைகீழ் வரிசையில் வருகின்றன. நடைமேடையில் ஒழுங்காக நின்ற கண்ணியமான ஜனங்கள் அத்தனை பேரும், முன்னால் நின்றவர் பின்னாலும் பின்னால் நின்றவர் முன்னாலும், பெட்டியை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். நடுவில் நின்றவர்கள் மட்டும் ஓடாமல் புன்னகைத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நடுநிலையின் பயனை நேரில் கண்டேன். ஆனால் நான் கடைசியில் நின்றிருந்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அப்படி ஓர் ஊரே கிடையாதே" என்றார், முகத்தில் ஒரு கோடு அசையாமல். நான் பயணச்சீட்டை எடுத்து ஊர்ப்பெயரைச் சரிபார்த்தேன். இது இவர்கள் நாட்டில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்லும் பழைய நகைச்சுவை என்பதை அன்ரன் வந்து கட்டிப்பிடித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். "முப்பது வருசமா இல்லாத ஊரில இருக்கிறன் மச்சான். வரி மட்டும் உண்மையா எடுக்கிறாங்கள்" என்றார்.

சனிக்கிழமைக் காலை உணவு ஜெர்மன் பேக்கரியின் மொறுமொறு உருண்டை ரொட்டி. அதைப் பிளந்து உள்ளே மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல். இரு நாட்டு நல்லுறவுக்கு நான் கண்ட மிகச்சிறந்த சான்று இதுதான். அன்ரனின் மனைவி ரெஜினா, ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்ப்பவர், இன்னொன்றை என் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்கோ அண்ணை. நாளைக்குப் பகல் சாப்பாடு பிந்தும். ஒரு மணிக்கு டெர்மின் இருக்கு."

ஜெர்மனியில் மருத்துவரையும் அரசு அலுவலகத்தையும் சந்திக்க முன்கூட்டி வாங்கும் நேரத்துக்கு டெர்மின் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை யாருடன் என்று கேட்டேன்.

"மச்சாளோட. மன்னாரில. அவாவிட்டத்தானே வாக்கு இருக்கு."

மெதுவாக விளங்கியது. இலங்கையில் அடுத்த சனிக்கிழமை ஜனாதிபதித் தேர்தல். அன்ரனோடு சேர்த்து உடன்பிறப்புகள் நால்வரில் மூவர் வெளிநாட்டில். அன்ரன் இங்கே, தம்பி ஜெராட் டொரொன்டோவில், தங்கை ஜெசி பாரிஸில். மூவருக்கும் அங்கே வாக்கு இல்லை. மூத்தவர் பிலோமினா, பிலோ அக்கா, மன்னாரிலேயே இருந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே போட்டோப்பிரதி எடுக்கும் கடை வைத்திருக்கிறார். கலியாணம் கட்டவில்லை. அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆகவே மூன்று நாடுகளிலிருந்து மூன்று பேர் ஞாயிறுதோறும் ஒரே திரையில் கூடி, அந்த ஒரு வாக்கைச் சேகரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூவருக்கும் மூன்று வேட்பாளர்கள். பெயர்களை எழுதமாட்டேன். எனக்கு இலங்கைக்குச் சுற்றுலாப் போகும் ஆசை இன்னும் இருக்கிறது.

"ஒண்டு தெரிஞ்சு வைச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்று குரலைத் தாழ்த்தினார் ரெஜினா. அன்ரன் குப்பையைப் பிரித்துப் போடக் கீழே போயிருந்தார். "இவரும் ஜெராட்டும் கதைக்கிறேல்ல. ஆறு வருசமாச்சு."

அவர்களுடைய அப்பா இறந்தபோது அன்ரன் முதுகில் அறுவை செய்து படுக்கையில் இருந்தார். ஜெராட் போயிருந்தார். அண்ணனுக்குக் காட்டுவதற்காகக் கைபேசியை ஒரு மேசையில் சாய்த்து வைத்துவிட்டுச் சவப்பெட்டியருகே போனார். கைபேசி சரிந்து மல்லாந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. பீலெஃபெல்டில் படுத்திருந்த அன்ரன், அப்பாவின் இறுதிப் பூசை முழுவதும் பார்த்தது கூரையில் சுற்றிய மின்விசிறியை. பிறகு போனில் கத்தினார். "அவ்வளவு அக்கறை எண்டா வந்திருக்கலாமே" என்று ஜெராட் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது.

"ரெண்டு பேரும் நல்ல பிள்ளையள். அதுதான் பிரச்சினை" என்றார் ரெஜினா.

ஞாயிறு, இரவல் வாங்கிய ஜெர்மன் தேவாலயத்தில் மாதமொருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு நானும் போனேன். பூசை முடிந்து முற்றத்தில் ஆண்கள் வட்டமாக நின்று வாதாடினார்கள். ஒருவர் புள்ளிவிவரம் சொன்னார். ஒருவர் சிங்களப் பத்திரிகையை மொழிபெயர்த்தார். ஒருவர், "அவரை நம்பேலாது, அவற்ற சிரிப்பைப் பாருங்கோ" என்றார். வாக்காளரே இல்லாத ஒரு தொகுதியில் இவ்வளவு சூடான பிரசாரத்தை நான் கண்டதில்லை.

ஒரு மணிக்கு மேசையில் சோறும் மீன் குழம்பும் மூடி வைக்கப்பட்டன. நடுவில் கைபேசி. திரையில் நான்கு கட்டங்கள். பிலோ அக்கா கடையில் உட்கார்ந்திருந்தார், கண்ணாடி நெற்றியில். டொரொன்டோவில் அப்போதுதான் விடிந்திருந்தது. ஜெராட் போர்வைக்குள்ளிருந்து பேசினார். பாரிஸில் ஜெசி ஏதோ ரயிலில் போய்க்கொண்டிருந்தார், பாதி நேரம் உறைந்துபோய்.

"அக்கா, நான் சொன்னதை யோசிச்சனீங்களோ?" என்று தொடங்கினார் அன்ரன்.

"யோசிச்சுக்கொண்டிருக்கிறன் தம்பி."

ஜெராட் செருமினார். "அக்கா, இப்ப உங்களோட கதைச்ச ஆளிட்டச் சொல்லுங்கோ, அவற்ற ஆள் போன முறை என்ன வாக்குக் குடுத்தவர் எண்டு ஒருக்கா நினைச்சுப் பாக்கச் சொல்லி."

"அன்ரன், தம்பி சொல்றான்..."

"கேட்டது அக்கா. அவனிட்டச் சொல்லுங்கோ, அவன்ர ஆளுக்குப் போன முறை எண்டு ஒண்டே இல்லை, முந்தாநாள்தான் அரசியலுக்கு வந்தவர் எண்டு."

"ஜெராட்..."

"கேட்டது அக்கா."

ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே கட்டைவிரல் அகலம்கூட இல்லை. சொல் மட்டும் டொரொன்டோவிலிருந்து கிளம்பி மன்னாரில் இறங்கி வண்டி மாறித்தான் பீலெஃபெல்டுக்கு வந்தது. ஹாலேயில் பார்த்த கடிதங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. அவை இதைவிட நேர்வழியாகப் போயிருக்கும்.

அன்ரனின் மகள் மெலனி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்து, இயன்முறை மருத்துவராக வேலை பார்ப்பவள். அவள்தான் எனக்குச் சட்டம் விளக்கினாள். "அங்க மூண்டு பேருக்குப் போடலாம் அங்கிள். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு விருப்பத்துக்கு ஏத்த மாதிரி இலக்கம் போடோணும். முதல் எண்ணிக்கையில ஒருத்தருக்கும் பாதிக்கு மேல வரேல்லை எண்டா மற்றதையும் எண்ணுவினம்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கக்கூடாது. "மூன்று பேர், மூன்று இலக்கம். ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் தகராறு முடிந்ததே" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு முதல் இலக்கம் யாருக்கு என்று சண்டை தொடங்கியது. அன்ரன் தான் மூத்தவன் என்றார். ஜெராட், மூப்பு தேர்தலில் செல்லாது என்று அக்கா மூலம் தெரிவித்தார். இதுவரை வாய் திறந்தபடி உறைந்திருந்த ஜெசி உயிர்பெற்று, "எனக்கு மூண்டாவது ஏலாது" என்று சொல்லிவிட்டு மறுபடி உறைந்தார்.

"அப்ப இவர் நடுநிலையான ஆள்தானே" என்று அன்ரன் என்னைக் காட்டினார். "இவர் அக்காவோட தனியக் கதைக்கட்டும்."

ஜெராட் போர்வையை விலக்கி என்னை உற்றுப் பார்த்தார். "அக்கா, இந்தியாவை நடுவில விட்டா என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாதோ?"

முதலில் ரெஜினா சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிக நேரம் சிரித்தேன். என் நாட்டின் சார்பில் வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படியே தீர்மானம் நிறைவேறியது.

திங்கட்கிழமை எல்லோரும் வேலைக்குப் போனபின் கீழ்வீட்டுக்காரர் என்னைக் காப்பிக்கு அழைத்தார். மனைவியை இழந்த ஓய்வுபெற்ற மனிதர். ஆங்கிலம் கொஞ்சம், கைஜாடை மீதி. அவர் தோட்டத்து மேசையில் பிளம்பழக் கேக் இருந்தது. செப்டம்பரில் இந்த ஊரில் பிளம்பழக் கேக்குக்குக் குளவிகளும் பங்காளிகள். அவர் ஒரு குவளையைக் கவிழ்த்து ஒரு குளவியைச் சிறைபிடித்துவிட்டு, மேலே என்ன ஞாயிறுதோறும் சத்தம் என்று விசாரித்தார். சொன்னேன்.

"ஜனாதிபதியை ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்களா?" என்று வியந்தார். "எங்கள் ஜனாதிபதியை யாரோ கூடித் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். எங்களைக் கேட்பதில்லை."

எங்கள் நாட்டிலும் அப்படித்தான் என்றேன். குடியரசுத் தலைவர் யார் என்பது எனக்குச் செய்தித்தாளில்தான் தெரியவரும். ஆக, நான், இந்தப் பெரியவர், மாடியில் இருக்கும் மூவர் என்று இந்தக் கட்டடத்தில் ஜனாதிபதிக்கு வாக்களித்த அனுபவம் ஒருவருக்கும் கிடையாது. அபிப்பிராயம் எல்லோருக்கும் இருந்தது.

"மற்றத் தேர்தல்களில் நாற்பது வருடம் நானும் மனைவியும் இதே மேசையில் உட்கார்ந்து தபால் வாக்குப் போட்டோம்" என்றார் பெரியவர். "அவள் அந்தக் கட்சி. நான் இந்தக் கட்சி. என் வாக்கை அவள் வாக்கு அடித்துவிடும். கணக்குச் சரியாகிவிடும். நான் யாருக்குப் போட்டாலும் கவலையில்லை. போன தடவை முதல் முறையாகத் தனியாகப் போட்டேன். திடீரென்று என் வாக்குக்குப் பலம் வந்துவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது."

"பிறகு?"

"அவள் கட்சிக்குப் போட்டேன்."

குவளையை மெல்லத் தூக்கிக் குளவியை விட்டுவிட்டார். இன்னொரு துண்டு கேக் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செவ்வாய் முழுவதும் மழை. மத்தியஸ்தம் செய்யும் முறையைப் பற்றிச் சிந்திப்பதாக அன்ரனிடம் சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

புதன்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அன்ரனின் கனத்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்று பிலோ அக்காவை அழைத்தேன். பின்னால் பிரதியெடுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்கோ தம்பி. ஆருக்குப் போடச் சொல்லி விட்டவங்கள்?"

"யாருக்கும் இல்லை அக்கா. நான் நடுநிலை."

"ஐயோ பாவம். சாப்பிட்டனீங்களோ?"

சாப்பிட்டேன் என்றேன். மீன் என்ன மீன் என்று கேட்டார். தெரியாது என்றேன். அங்கே வெயிலா என்று நான் கேட்டேன். வெயில் என்றார். மத்தியஸ்தர் கையிருப்பு அவ்வளவோடு தீர்ந்துபோனது. வேறு பேச்சு கிடைக்காத ஒரே காரணத்தால், "உங்களுக்கு யாரைப் பிடிச்சிருக்கு அக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

அவர் எழுந்து இயந்திரத்தை நிறுத்தினார்.

"இதைக் கேக்க இந்தியாவில இருந்து ஒரு ஆள் வரவேண்டியிருக்கு" என்றார். "எல்லாரும் ஆருக்குப் போடோணும் எண்டு சொல்லுவினம். ஒருத்தரும் இப்பிடிக் கேக்கேல்ல. தம்பி, நான் முடிவெடுத்துக் கன நாள்."

நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"இஞ்ச எல்லாக் கட்சிக்காரரும் கூட்ட நோட்டீஸ் என்னட்டத்தான் அடிக்கிறவை. வந்து நிண்டு, கெதியா அடியுங்கோ, பெரிசா அடியுங்கோ, அவற்ற படம் வடிவா விழோணும் எண்டு நிண்ட நிலையில நிப்பினம். மற்றப் பக்கம் வெறும் வெள்ளை. ஒருத்தற்ற ஆக்கள் மட்டும், 'அக்கா, ரெண்டு பக்கமும் அடியுங்கோ, ஏன் பேப்பரை வீணாக்குவான்' எண்டு கேட்டவை. பேந்து மிஞ்சின தாளையும் எண்ணி வாங்கிக்கொண்டு போனவை. சரி, நாட்டையும் உப்பிடித்தான் பாப்பினம் எண்டு நினைச்சன். அவ்வளவுதான்."

உலகத்து அரசியல் நூல்கள் சிலவற்றை நான் வாசித்திருக்கிறேன். வர்க்கம், மொழி, மதம், சாதி, தலைவரின் தோற்றம் என்று மனிதன் ஏன் வாக்களிக்கிறான் என்பதற்கு ஏகப்பட்ட விளக்கங்கள் உண்டு. காகிதத்தின் பின்பக்கத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. என் ஒலிபெருக்கிக் கொள்கைக்கு ஒரு தூரத்துச் சொந்தம் கிடைத்ததுபோல் இருந்தது.

அந்த ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் மாலைக்குள் கீழ்வீட்டுப் பெரியவருக்கே தெரிந்திருக்கும்.

"அப்புறம் ஏன் அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை என்கிறீர்கள்?"

"சொன்னா போன் நிண்டிடும் தம்பி."

கடைக்கு யாரோ வந்தார்கள். அடையாள அட்டை, இரண்டு பிரதி. கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முந்தி ஜெராட் வருசத்தில ஒருக்கா, நத்தாருக்கு எடுப்பான். அன்ரன் மாதத்தில ஒருக்கா எடுப்பான். ஒருத்தன் எடுத்தா மற்றவனைப் பற்றிக் கதைக்கக்கூடாது. இப்ப பாருங்கோ, ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கண்ணாடியில வந்து நிக்கிறாங்கள். கதைக்கேல்ல, சரி. ஒருத்தன்ர முகத்தை ஒருத்தன் பாக்கிறான்தானே? போன கிழமை அன்ரன் மெலிஞ்சு போனான் எண்டு ஜெராட் என்னட்டக் கேட்டவன், சுகமில்லையோ எண்டு. அப்பா போனதுக்குப் பிறகு இப்பதான் கேட்டவன்." சிதறிய தாள்களை அடுக்கினார். "சனிக்கிழமையோட வாக்கு முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு என்ன சாட்டுச் சொல்லிக் கூப்பிடுறது?"

இந்த மாதிரி விஷயமெல்லாம் மத்தியஸ்தர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லமாட்டேன் என்றேன். என்னை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். என் மனைவியின் நகை எந்த வங்கியில் இருக்கிறது என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னவன் நான்.

அன்று மாலை அன்ரன் வேலையிலிருந்து வந்து காலணியைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார். "என்ன சொன்னவா?"

"யோசிக்கிறாராம்."

"எந்தப் பக்கமா யோசிக்கிறா?"

"எல்லாப் பக்கமும்."

"உன்ர முகம் சரியில்லை மச்சான். திருச்சியில என்ர எண்ணெயை முடிச்சிட்டு நிண்ட மாதிரியே நிக்கிறாய்."

வியாழனும் வெள்ளியும் நான் வாயில் எதையாவது வைத்துக்கொண்டே இருந்தேன். ரெஜினா ரோல்ஸ் பொரித்தார். மெலனி, வாரத்தின் நடுவே நான் எடை கூடியதாகத் தொழில்முறையில் தெரிவித்தாள். "நீ எப்படி வாக்குப் போடுகிறாய்?" என்று அவளிடம் பேச்சை மாற்றினேன். இங்கே தேர்தலுக்கு முன் இணையத்தில் ஒரு கேள்விப் பட்டியல் வருமாம். ஒவ்வொன்றுக்கும் சம்மதமா இல்லையா என்று அழுத்தினால் உன் கட்சி இதுதான் என்று சொல்லிவிடுமாம்.

"உனக்கு என்ன சொன்னது?"

"அப்பாவுக்குச் சொல்லேலாத கட்சி" என்றாள். "அதால அது சொன்ன ரெண்டாவதுக்குப் போட்டனான். அதையும் அப்பாவுக்குச் சொல்லேல்ல."

சனிக்கிழமை காலை நாங்கள் சம்பல் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்தது. பிலோ அக்காவின் இடதுகைச் சின்னவிரல், மையோடு. அன்ரன் கை கழுவாமலே குரல் பதிவு அனுப்பினார். "ஆருக்கு அக்கா?"

பதிலும் குரலில் வந்தது. "வாக்கு இரகசியம் தம்பி. சட்டம் அப்பிடி."

டொரொன்டோவில் விடியாத வேளையிலும் ஜெராட் விழித்திருந்தார். பாரிஸிலிருந்து ஜெசி முகம் சிவந்த பொம்மைகளாக அனுப்பினார். "அறுபத்திரண்டு வயசுவரைக்கும் இல்லாத சட்டம்" என்று அன்ரன் எனக்கு முறையிட்டார். நான் இன்னொரு ரொட்டியைப் பிளந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும் நாள். மாலை ரயில். ரெஜினா நண்டுக் குழம்பு வைத்திருந்தார். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை, இரண்டாம் மூன்றாம் விருப்பங்களையும் எண்ணுகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. மெலனி சொன்ன சட்டம் நடைமுறைக்கு வந்ததில் எனக்குத்தான் அதிக மகிழ்ச்சி.

ஒரு மணிக்கு அன்ரன் மன்னாரை அழைத்தார். கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி அழைத்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். நண்டை உடைத்தார், வாயில் வைக்கவில்லை. மேசை நடுவில் கைபேசி இருட்டாகக் கிடந்தது. ஞாயிறுகளில் இவ்வளவு அமைதியை அந்த வீடு மறந்துபோயிருந்தது என்று தோன்றியது. பிலோ அக்கா பயந்தது இதைத்தானே என்று நினைத்தேன். ஆனால் அவர் எதற்காகக் கைபேசியை அணைத்தார் என்பதுதான் விளங்கவில்லை.

அப்போது மணி அடித்தது. திரையில் ஒரே ஒரு பெயர். ஜெராட்.

குழுவுக்கு வந்த அழைப்பு இல்லை. அன்ரனுக்கு வந்தது.

ரெஜினா அகப்பையோடு நின்றார். அன்ரன் விரலை ஈரத் துணியில் துடைத்தார், தேவைக்கு அதிகமாக. எடுத்தார்.

"ஓம்" என்றார்.

போர்வை இல்லாத ஜெராட் தெரிந்தார். சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார். யாரிடம் சொல்லச் சொல்வது என்று தெரியாமல் சில கணங்கள் திணறினார். நடுவில் அக்கா இல்லை.

"உங்களுக்கு அக்கா சொன்னவாவோ?" என்றார் கடைசியில்.

"எனக்கும் சொல்லேல்ல."

"போன் நிப்பாட்டிக் கிடக்கு."

"ஓம். நானும் எடுத்துப் பாத்தனான்."

 அன்ரன் நண்டு உடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால், கைபேசியை ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்து வைத்தார். கையில் வேலை இருந்தால் பேச்சு எளிதாகும் என்று நினைத்திருக்க வேண்டும். கைபேசி மெல்லச் சறுக்கி, பொத்தென்று மேசையில் மல்லாந்தது.

யாரும் அதைத் தொடவில்லை.

"அண்ணை" என்றது மேசையிலிருந்து ஜெராட்டின் குரல். "எனக்கு உங்கட வீட்டு லைட்தான் தெரியுது."

ரெஜினா என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். சாதாரணக் கூரை விளக்கு, ஓரத்தில் ஒரு செத்த பூச்சி.

அன்ரன் நண்டைத் தட்டில் வைத்தார். "அது தானா விழுந்ததடா" என்றார். 

டொரொன்டோவிலிருந்து பதில் வந்தது.

"ஓம் அண்ணை. தானாத்தான் விழும்."

அன்ரன் கைபேசியை எடுத்து நிறுத்தினார். இந்தத் தடவை சோற்றுச் சட்டிக்கு எதிரே, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நண்டுக் குழம்புக் கை. அதனால் இன்னும் அதிகமாகத் துடைக்க வேண்டியிருந்தது. "என்ன சாப்பாடு அங்க?" என்று கேட்டார். ஜெராட், தானியமும் பாலும் என்றார். "அது சாப்பாடே?" என்றார் அன்ரன். கொஞ்ச நேரத்தில் இருவரும் அக்கா யாருக்குப் போட்டிருப்பார் என்று ஆதாரங்களை அடுக்கத் தொடங்கினார்கள். என் ரயில் நேரம் ஆனபோது பாட்டாளி, முதலாளி எல்லாம் தாண்டி, புத்தளத்தில் எண்ணி முடித்த வாக்குகள்வரை வந்திருந்தார்கள். அன்ரன் என்னை ஒரு கையால் கட்டிப்பிடித்தார். மற்றக் கையில் ஜெராட் இருந்தார். நிலையத்துக்கு மெலனி கொண்டுவந்து விட்டாள்.

ரயில் தாமதம். இல்லாத ஊருக்கு அது நேரத்தோடு வரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு. நடைமேடையின் நடுவில், அனுபவப்பட்டவனாக, நின்றுகொண்டேன். கைபேசியில் ஒரு செய்தி வந்தது. மன்னார் எண்.

"ரெண்டு பேரும் கதைச்சவங்களோ தம்பி?"

"ஆமாம்" என்று தட்டினேன். பிறகு அதை அழித்துவிட்டு "ஓம் அக்கா. இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று அனுப்பினேன்.

 ரயில் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தபோது பதில் வந்தது.

"நல்லது. இனிப் பாராளுமன்றத் தேர்தலும் வருமாம். அதுக்கும் நான் இன்னும் முடிவெடுக்கேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ."